கூலியும் கருவும்

"சம வேலைக்குச் சம கூலி" என்னும் கோரிக்கையைப் பகிரங்கமாக மறுத்துரைப்பார் இன்று அரியர். தொழிற்சங்க மேடைகளிலே அதற்குக் கைதட்டல் உண்டு. ஆசிரியர் சங்கத் தீர்மானங்களிலே அதற்கு இடமுண்டு. மாணவர் விவாத மன்றங்களிலே அதனை எதிர்த்துப் பேச ஆள் தேடவேண்டியிருக்கிறது. ஆனால் அதே மேடையில் ஒருவர் எழுந்து, "பிள்ளை பெறுவதா வேண்டாமா, பெறுவதாயின் எப்போது, எத்தனை என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது?" என்று கேட்டுவிட்டாரானால், சபையிலே சங்கடமான ஒரு மௌனம் குடிகொள்கிறது. முதலாவது பொருளாதாரப் பிரச்சினை, ஆகவே அது நமக்குரியது. இரண்டாவது வீட்டுப் பிரச்சினை, மதப் பிரச்சினை, வைத்தியர்களின் பிரச்சினை, ஆகவே அதனை ஒத்திவைப்போம் என்பது நம்மிடையே வேரூன்றியுள்ள மனப்பாங்காகும்.

இந்தப் பிரிவினை நியாயமானதுதானா என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம். பெண்ணின் உழைப்பு நேரம் யாருக்குரியது என்ற வினாவும், பெண்ணின் உடல் யாருக்குரியது என்ற வினாவும் ஒரே வினாவின் இரு கூறுகள் என்பதே நமது துணிபு. ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு விடை காண முயன்றவிடமெல்லாம் இரண்டும் கைநழுவிப் போயிருக்கின்றன. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறே போதுமானது.

கோப்பித் தோட்டங்களுக்குப் பருவகாலத்தில் வந்து போகும் ஆட்களே பெரிதும் போதுமாயிருந்தனர். நோயினாற் கோப்பி அழிந்து தேயிலை மலைகளைப் பற்றிக்கொண்டபோது நிலைமை மாறிற்று. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். எனவே தோட்டத் துரைமார் குடும்பங்களை நாடினர். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் திரட்டி வந்த குடும்பங்கள் லயங்களிலே குடியமர்த்தப்பட்டன. லயத்திற் பிறந்த குழந்தை சில ஆண்டுகளிலேயே பிரட்டுக்குப் போகும் ஒரு கையாயிற்று. தாய் கொழுந்தையும் பறித்தாள். நாளைய கொழுந்து பறிப்போரையும் பெற்றுக் கொடுத்தாள். முன்னதற்கு அரைகுறைக் கூலி கிடைத்தது. பின்னதற்குக் கூலியே இல்லை.

அந்த அரைகுறைக் கூலியின் அளவைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். பிள்ளைக்கு 32 சதம். ஒவ்வொரு படியிலும் சரியாக 11 சதம் இறங்குகிறது. ஆணுக்கும் குழந்தைக்கும் நட்டநடுவே, ஒரு சதமும் பிசகாமல், வளர்ந்த பெண் நிறுத்தப்பட்டிருக்கிறாள். அவளை முழு மனிதப் பிறவியாகக் கொள்ளாத சமுதாயத்தின் மனத்தை இதனினும் துல்லியமாக எந்த இலக்கியமும் எடுத்துக்காட்டியதில்லை.

இதற்குக் கூறப்பட்ட நியாயங்கள் இரண்டு. ஆணின் கூலி குடும்பத்தைத் தாங்குவது, பெண்ணின் கூலி அதற்குத் துணையாவது என்பது ஒன்று. பெண்ணின் வேலை இலகுவானது என்பது மற்றொன்று. ஆனால், கொழுந்து பறிப்பதற்குப் பெண்களின் மெல்லிய விரல்களே ஏற்றவை என்று புகழ்ந்தவர்களும் இதே துரைமார்தாம். திறமை வேண்டும் வேலை என்றால் கூலி உயரவேண்டும் அல்லவா? பெண்ணிடத்தே காணப்படும் திறமை மாத்திரம் "இயற்கை" என்று பெயர் பெற்றுவிடுகிறது. இயற்கைக்கு எவரும் கூலி கொடுப்பதில்லை, மழைக்குக் கொடுக்கிறோமா? பிள்ளை பெறுதலும் வளர்த்தலும் இவ்விதமே இயற்கையின் கணக்கில் எழுதப்பட்டன. அந்த இயற்கையையே காரணங் காட்டி, அவள் கூலியும் குறைக்கப்பட்டது.

1984ஆம் ஆண்டில், தோட்டத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து, ஆண் பெண் இருபாலாருக்கும் நாட்கூலி சமமாக்கப்பட்டது. இது போராடிப் பெற்ற வெற்றி. இதனைக் குறைத்து மதிப்பிடுவோர் வரலாற்றை அறியாதவர். எனினும் சமத்துவம் சம்பளப் புத்தகத்திலே வந்துசேர்ந்ததே தவிர, கடிகாரத்திலே வந்து சேரவில்லை. கவ்வாத்து வெட்டும் ஆண் தன் அளவு வேலையை முடித்துவிட்டு நண்பகலையடுத்து வீடு திரும்பலாம். கொழுந்தெடுக்கும் பெண் மாலை நிறுவை முடியும்வரை மலையிலேயே நிற்கவேண்டும். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு மலையேறியவள், மாலையில் வந்து மீண்டும் அடுப்பு மூட்டுகிறாள். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்த்தப்பட்டபோதும், அதற்காகப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை எவ்வளவு என்ற தகராறு பல தோட்டங்களில் எழுந்தது. குறித்த நிறை வராத நாளில் "அரைப்பேர்" என்று எழுதப்படுவது பெரும்பாலும் பெண்ணின் கணக்கிலேயே. போதாததற்கு, மனைவியின் சம்பளத்தைக் கணவனே சென்று பெற்றுக்கொள்ளும் வழக்கமும் நெடுங்காலம் நிலவிற்று. தன் கூலியைத் தன் கையால் வாங்காத பெண்ணுக்கு, தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை யார் கொடுப்பார்?

இனி மற்றக் கூற்றுக்கு வருவோம். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. சனத்தொகை வளர்ச்சியைக் குறைப்பது அரசின் கொள்கையாயிருந்த காலம் அது. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு 1980களில் அரசு பணம் கொடுத்தது. நாட்டின் ஏனைய பகுதிகளிலும் பார்க்கத் தோட்டங்களிலேயே இச்சிகிச்சை செய்துகொண்ட பெண்களின் விகிதம் மிகுந்து காணப்பட்டது. வேறு கருத்தடை முறைகளை விளக்கிக் கூறவோ, தாய்மொழியில் ஐயந் தீர்க்கவோ போதிய ஆளில்லாத இடத்தில், பல நாட்கூலிக்குச் சமமான ஒரு தொகையைக் காட்டிக் கேட்ட "சம்மதம்" எத்தகையது? பசித்தவனிடம் வாங்கிய வாக்கைத் தேர்தலிலே நாம் இலஞ்சம் என்போம். பசித்தவளிடம் வாங்கிய கையொப்பத்தை ஏன் விருப்பம் என்கிறோம்?

கைகள் தேவைப்பட்ட காலத்தில் அவள் பெற்றுத் தரவேண்டியவள். தலைகள் மிகுந்துவிட்டன என்று கருதிய காலத்தில் அவள் நிறுத்திக்கொள்ளவேண்டியவள். இரு காலங்களின் கொள்கைகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. ஆனால் இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: அவளது விருப்பம் என்னவென்று கேட்கப்படவில்லை. எனவே இனப்பெருக்க உரிமை என்று நாம் பேசும்போது, பிள்ளை பெறாதிருக்கும் உரிமையை மட்டும் கருதுவோமாயின் அது அரைகுறையானது. விரும்பிய பிள்ளையைப் பெற்று, பட்டினியின்றி வளர்க்கும் உரிமையும் அதனுள் அடங்கும். இவ்விடத்திலேதான் கூலியும் கருவும் ஒன்றையொன்று தொடுகின்றன.

சட்டத்தினுள்ளும் இவ்விரண்டும் பின்னிக்கிடப்பதைக் காணலாம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நமது தொழிலாளர் சட்டங்களுள் மதிக்கத்தக்க ஒன்று. ஆயினும் தனியார் துறையில் மகப்பேற்று விடுமுறைச் சம்பளத்தை அவ்வத் தொழில் வழங்குநரே கொடுக்கவேண்டும். விளைவு என்ன? இளம் பெண்ணொருத்தி வேலை கேட்டு வரும்போது, அவளது கல்வித் தகைமையோடு அவளது கருப்பையும் கணக்கிடப்படுகிறது. இரண்டு பிள்ளைகளையுடைய தாய் மூன்றாவது பிள்ளையைப் பெற்றால், அவளுக்கு 84 நாட்களுக்குப் பதிலாக 42 நாள் விடுமுறையே என்ற விதி 2018ஆம் ஆண்டின் திருத்தம் வரையில் இருந்தது. மூன்றாவது குழந்தையைப் பெற்ற உடல் பாதி நாட்களிலே தேறிவிடும் என்பது எந்த வைத்திய சாத்திரம்? கொள்கைக்கு இணங்காத தாய்க்கு விதிக்கப்பட்ட தண்டமே அது. வெளிநாடுகளிலே பணிப்பெண்ணாகச் செல்ல விரும்பிய தாய்க்கு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தாற் போக முடியாது என்று 2013இல் விதி வந்தது. தந்தைமாருக்கு அத்தகைய விதி எதுவும் வரவில்லை.

இது பின்தங்கிய நாடுகளின் குறைபாடென்று எண்ணவேண்டாம். 2023இற் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற குளோடியா கோல்டின், அமெரிக்காவின் இருநூறாண்டுக் கணக்கை ஆராய்ந்தவர். இன்று ஒரே தொழிலைச் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்குமிடையிலான சம்பள வேறுபாட்டின் பெரும்பகுதி முதற்குழந்தை பிறப்பதோடு தோன்றுகிறது என்பது அவரது முடிபு. தந்தையாகும் ஆண் இத்தகைய விலையைக் கொடுப்பதில்லை.

கருக்கலைப்புப் பற்றிய சட்டம் இன்னும் கடுமையானது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கமொன்றைத் தவிர வேறெக்காரணத்துக்காகவும் கருவைக் கலைப்பதைக் குற்றமென்கிறது. பெண்ணொருத்தியும் இடம்பெறாத சபையின் காலத்தில் எழுந்த சட்டம் அது. பலாத்காரத்தாற் கருவுற்றவளுக்கும், பிழைக்கவியலாத ஊனத்தோடு கரு வளர்வதை அறிந்தவளுக்குமாவது விலக்களிக்க 1995இலும் 2017இலும் எடுத்த முயற்சிகள் எதிர்ப்பினாற் கைவிடப்பட்டன.

கருவும் உயிரே என்று கருதுவோரின் மனச்சாட்சியை நாம் ஏளனம் செய்யவில்லை. அந்த நம்பிக்கையின்படி தம் வாழ்வை நடத்த அவர்களுக்குப் பூரண உரிமையுண்டு. ஆனால் அவர்களிடம் நாம் கேட்பது இது: உயிரைக் காக்கும் பாரம் முழுவதையும் ஒருவரின் உடல் சுமக்க, அதற்கான தீர்மானத்தை மற்றெல்லாரும் செய்வது எந்த அறத்தின்பாற்பட்டது? இந்தத் தடையினாற் கருக்கலைப்பு ஒழிந்துவிடவுமில்லை. வசதி படைத்தவள் பணங்கொடுத்து அமைதியாக வழி காண்கிறாள். ஏழை இருட்டறையையும் அழுக்கான கருவியையும் நாடி உயிரைப் பணயம் வைக்கிறாள். சட்டம் எல்லோருக்கும் ஒன்று. அதன் தண்டனையோ வர்க்கம் பார்த்து விழுகிறது.

நமது நாட்டில் இன்னொரு குரலும் இவ்விவாதத்தில் ஒலிக்கிறது. அது இனத்தின் பெயராற் பேசும் குரல். 2013இற் கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றிலே, போதிய விளக்கமின்றிப் பெண்களுக்குக் கருத்தடை மருந்து பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2019இலே சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தாரென்று முஸ்லிம் வைத்தியரொருவர் மீது பழி சுமத்தப்பட்டது. குற்றப்புலனாய்வு அதற்குச் சான்று காணவில்லை. சம்மதமின்றி ஒரு பெண்ணின் உடலைத் தொடுவது, அவள் எவ்வினத்தவளாயினும், கொடிய குற்றமே. ஆனால் அக்குற்றத்தைக் கண்டிக்கும் நம் மேடைகளிற் சில, "எங்கள் இனம் குறைகிறதே, பெண்கள் அதிகம் பெறவேண்டும்" என்று அடுத்த மூச்சிலேயே முழங்குகின்றன. தடுக்கும் கையைக் கண்டித்துவிட்டு, ஏவும் கையை நீட்டுகிறோம். மூன்று இனத்துத் தலைவர்களும் தத்தம் பெண்களின் கருவைத் தொகைக் கணக்காகவே எண்ணுகிறார்கள். எண்ணப்படும் பெண் பேசுவதை எவரும் எண்ணுவதில்லை.

இனி, நம் பக்கத்தாரின் வாதத்தையும் நேர்மையோடு எதிர்கொள்ளவேண்டும். சுரண்டல் ஒழிந்து சமதர்மம் மலர்ந்தால் இவையெல்லாம் தாமே தீரும் என்பர் சிலர். குடும்பத்தினுள் ஆண் பெண் உறவைச் சொத்துடைமையோடு தொடர்புபடுத்தி 1884இல் ஏங்கெல்ஸ் விளக்கியது நம் சிந்தனைக்குப் பெருங்கொடை. ஆனால் வரலாறு தானே தீர்த்து வைத்ததா? 1920இற் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கி உலகுக்கு வழிகாட்டிய சோவியத் அரசு, 1936இல் அவ்வுரிமையைப் பறித்து, 1955இலேயே மீண்டும் அளித்தது. ருமேனியாவிலோ 1966இல் வெளியான 770ஆம் இலக்க ஆணை கருக்கலைப்பைப் பெரிதும் தடைசெய்தது. தொழிற்சாலைப் பெண்கள் கருவுற்றிருக்கிறார்களா என்று பரிசோதிக்கும் இழிநிலையும் பின்னர் வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கள்ளக் கருக்கலைப்பால் மாண்டனர். 1989 டிசம்பரிலேதான் அந்த ஆணை நீங்கிற்று. அந்நாட்டுப் பெண்ணுக்குத் தொழிற்சாலை வாயில் திறந்திருந்தது. சம கூலியும் சட்டத்திலே எழுதப்பட்டிருந்தது. அவள் உடல் மட்டும் அரசின் உற்பத்திச் சாதனமாக இருந்தது. தனியுடைமை ஒழிந்த இடத்திலும் பெண்ணுடல் பொதுவுடைமையாக்கப்படுமாயின், அதனை விடுதலை என்று அழைக்க நம் நா எழவில்லை.

தமிழ்ச் சிந்தனை மரபிலே இவ்வுண்மையை வெளிப்படையாக எடுத்துரைத்தவர் பெரியார். கர்ப்பத்தடையைத் தாயின் ஆரோக்கியத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் மற்றையோர் ஆதரித்தபோது, பெண்ணின் சுயேச்சைக்காகவே தாம் அதனை ஆதரிப்பதாக அவர் வேறுபடுத்திக் காட்டினார். அந்த வேறுபாட்டின் ஆழத்தை நம்மிற் பலர் இன்னும் உணரவில்லை.

ஆகவே நாம் வேண்டுவன யாவை? 1993இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சம ஊதியச் சமவாயம் நாட்கூலியோடு நின்றுவிடாது, வேலை நேரத்துக்கும் வேலையின் மதிப்புக்கும் விரிக்கப்படல் வேண்டும். மகப்பேற்றின் செலவைத் தனி முதலாளியின் தலையிற் கட்டி அவன் பெண்களை ஒதுக்க வழிவிடாது, சமூக நிதியத்தின்மூலம் நாடு முழுவதும் பகிர்ந்து சுமக்கவேண்டும். தோட்டங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் தாய்மொழியில் முழு விளக்கம் பெற்ற சம்மதமின்றி எச்சிகிச்சையும் நிகழலாகாது. 1883ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்படல் வேண்டும். தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலார் பெண்களாயிருக்க, சங்கத் தலைமை ஆண்களிடமே இருக்கும் விந்தைக்கும் முடிவு வரவேண்டும்.

இவை அரசை நோக்கியவை. நம்மை நோக்கியும் ஒரு வேண்டுகோள் உண்டு. உடலைப் பற்றிய பாடம் வரும்போது அந்தப் பக்கங்களை, "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று புரட்டிவிடும் ஆசிரியர்கள் நம்மிடையே பலர். வகுப்பிலே நாம் புரட்டிய அந்தப் பக்கத்தின் விலையை, சில ஆண்டுகள் கழித்து, நம் மாணவியொருத்தி தன் உடலாற் கொடுக்கிறாள். மாலையிலே சங்கக் கூட்டத்தில் சம கூலிக்குக் கையுயர்த்திவிட்டு, இரவு வீடு திரும்பி, நாள் முழுதும் படிப்பித்துக் களைத்த மனைவி சோறு போடக் காத்திருப்பவர்களும் நாமே. முதலில் அந்தப் பக்கத்தைத் திறப்போம். அந்த அடுப்பையும் பகிர்ந்துகொள்வோம். 54க்கும் 32க்கும் நடுவே நிறுத்தப்பட்டவளை அவ்விடத்தைவிட்டு நகர்த்தும் பணி அங்கேதான் தொடங்குகிறது.