வக்ஃபும் கட்டற்ற மென்பொருளும்

கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் இஸ்லாமியர் நன்கறிந்த வக்ஃபு, அதாவது இறைவன் பெயரால் நிலையாக ஒப்படைக்கப்பட்டு, விற்கவோ வாரிசுகளுக்குப் பிரிக்கவோ இயலாத அறக்கொடை, 1989இல் நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட குனூ பொது உரிமம் என்னும் மென்பொருள் உரிமத்துடன் ஒப்புநோக்கத்தக்கது. மூலநிரலை, அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய கட்டளைத் தொகுதியை, மாற்றி வெளியிடுபவர் தாம் பெற்ற உரிமையைப் பிறருக்கும் அளித்தாக வேண்டும் என்று அவ்வுரிமம் விதிக்கிறது. மூடிய மென்பொருள் இவ்வுரிமையைத் தருவதில்லை.

ஆயினும், உரிமை மட்டும் போதாது; வக்ஃபைக் காக்க முத்தவல்லி என்னும் பொறுப்பாளர் வேண்டியிருப்பதுபோல, இத்தகைய கட்டற்ற மென்பொருளைக் கொண்டு சொந்த வழங்கியை, அதாவது தரவுகளைச் சேமித்து வழங்கும் கணினியை, வீட்டிலேயே நடத்துபவரும் காப்புநகலையும் பாதுகாப்புத் திருத்தங்களையும் இடையறாது கவனிக்க வேண்டும். அதிலுள்ள பிறர் கடிதங்களும் படங்களும் அமானிதம், நம்பி ஒப்படைக்கப்பட்டவை. இக்கடமையை ஏற்க இயலாதவர், நிரல் எவ்வளவு திறந்ததாயினும், பிறர் தரவுகளைத் தம் பொறுப்பில் வாங்குதல் முறையன்று.