வீட்டில் ஓதும் பிள்ளையும் வீதியில் பேசும் நாவும்



பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல், தாய் தந்தையரே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கும் குடும்பங்கள் நம் நாட்டில் ஆங்காங்கே இருக்கின்றன. அப்படி ஒரு குடும்பம் தெருவிலே இருந்துவிட்டால் நாவுகள் சும்மா இருப்பதில்லை. "ஃபீஸ் கட்ட வழியில்லை போலும்" என்பார் ஒருவர். "பிள்ளைக்கு நாலு பேரோடு பழகத் தெரியாமல் போய்விடும்" என்பார் மற்றவர். "நாளைக்குச் சர்ட்டிபிகேட்டுக்கு எங்கே போவார்கள்?" என்பார் இன்னொருவர். அந்த வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்லி, விவரம் கேட்டவர் மட்டும் யாருமில்லை!

திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் 12ஆம் வசனம் மூன்று காரியங்களை ஒரே வரிசையில் வைத்துத் தடுக்கிறது. வீண் சந்தேகம் முதற்படி. பிறர் குறையைத் துருவித் தேடுவது இரண்டாம் படி. புறம் பேசுவது மூன்றாம் படி. முதற்படியில் கால் வைத்தவர் மூன்றாம் படியில்தான் போய் நிற்பார். நாம் சொன்ன குறை அவரிடம் இருந்தால் அது புறம். இல்லாவிட்டால் அவதூறு என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இரண்டிலும் நமக்கு நஷ்டமே.

வீட்டிலே கற்றவர் உலகமறியாதவர் என்பதும் சரியல்ல. காஸிம் இப்னு முஹம்மது (ரஹ்) அவர்கள் தந்தையை இழந்தபின், அத்தையாகிய அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் வளர்ந்து, அவர்களிடமே கல்வி கற்றார்கள். பிற்காலத்தில் மதீனாவின் ஏழு பெரும் ஃபகீஹ்களில் ஒருவரானார்கள். மக்கள் தேடி வந்து மார்க்கத் தீர்ப்புக் கேட்டார்கள். பழகத் தெரியாதவரிடமா ஊர் தேடி வரும்?

சர்ட்டிபிகேட்டைப் பற்றிய கவலைக்கும் பதில் உண்டு. மத்திய அரசு 1989இல் அமைத்த தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பெயர் பதிந்து, 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். பிறகு பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம்.

ஆனால், பெற்றோர்களே! உங்களுக்கும் ஒரு சொல். வீட்டில் கற்பது வேறு. வீட்டில் கிடப்பது வேறு. வயதுக்கு வந்துவிட்டாள் என்று மகளின் படிப்பை நிறுத்தி அடுப்படியில் உட்கார வைத்துவிட்டு, "வீட்டிலே படிக்கிறாள்" என்று சொன்னால் அது பொய். அமானிதத்திற்குச் செய்யும் மோசடி. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் அல்லாஹ் கேட்பான். ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே தினமும் நேரம் ஒதுக்குங்கள். உங்களுக்குத் தெரியாத பாடத்திற்குத் தெரிந்தவரை அமர்த்துங்கள். ஜமாஅத் தொழுகைக்கும், உறவினர் வீட்டுக்கும், விளையாட்டுக்கும் பிள்ளையை அனுப்புங்கள்.

அண்டை வீட்டாரே! சந்தேகம் வந்தால் நேரில் போய்க் கேளுங்கள். பிள்ளை நன்றாகக் கற்கிறதா? துஆச் செய்யுங்கள். கல்வியின்றிக் கிடக்கிறதா? தனிமையில் எடுத்துச் சொல்லுங்கள். வறுமைதான் காரணமென்றால் பள்ளிக் கட்டணத்திற்குக் கை கொடுங்கள். தெருவிலே பேசிய பேச்சால் எந்தப் பிள்ளையும் ஓர் எழுத்துக்கூடக் கற்றதில்லை.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பாதுகாத்து, நம் சந்ததிகளுக்குப் பயனுள்ள கல்வியை நஸீபாக்குவானாக! ஆமீன்.