ரோபோவின் வினை யாரைச் சேரும்?

உயிர் சித்து, அதாவது அறிவுள்ளது; உடலும் உலகும் சடம், அதாவது அறிவற்றவை. சைவ சித்தாந்த வகுப்பில் கேட்கும்போது இதில் சந்தேகமே வரவில்லை. பேத்திக்கு எம்பாட் என்ற ரோபோ வாங்கிக் கொடுத்த பிறகுதான் வந்தது.

எம்பாட் இரண்டு சக்கர வண்டி. முகப்பில் கண்கள் போலத் தெரிவது அல்ட்ராசோனிக் சென்சார். ஒரு வட்டம் நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பும். மற்றது எதிரொலியை வாங்கும். போய்வந்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்காகும். சென்சாரின் வயரை 3ஆம் போர்ட்டில் செருகிவிட்டு, எம்பிளாக் மென்பொருளில் வண்ணக் கட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்தாள் பேத்தி: தூரம் 20 செ.மீ.க்குக் குறைந்தால் வலப்பக்கம் திரும்பு, இல்லையென்றால் நேரே போ. லைவ் மோடில் கட்டளை லேப்டாப்பிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. அப்லோட் செய்து கேபிளைக் கழற்றியதும் வண்டி தன்பாட்டுக்குக் கூடத்தைச் சுற்றியது. சுவர் வந்தால் விலகியது.

"தாத்தா, இதுக்குச் சுவர்னா பயம்!"

மூளை ஆய்வாளர் பிரைட்டன்பெர்க்கும் 1984இல் இப்படித்தான் எழுதினார். ஒளியுணரும் கற்பனை வண்டியில் வயர்களை நேராக இணைத்தால் விளக்கை விட்டு விலகும். குறுக்கே மாற்றினால் விளக்கின்மேல் பாயும். முன்னதை அச்சம் என்றார், பின்னதை ஆவேசம் என்றார். உள்ளே இருப்பதென்னவோ வயர்தான்.

சித்தாந்தப்படி உயிரும் தானாக அறியாது, அறிவித்தால்தான் அறியும். பேத்திக்கு டீச்சர் அறிவித்தார், வண்டிக்குப் பேத்தி அறிவித்தாள். அப்படியானால் இரண்டுக்கும் என்ன வேற்றுமை?

சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உடலுக்கு வேறாக உயிர் உண்டென்பதற்கு அதன் ஆசிரியர் மெய்கண்டார் காரணங்களை அடுக்குகிறார். 'என் உடல்' என்று சொல்பவன் உடலாக இருக்க முடியாது என்பது அவற்றில் ஒன்று. ஆனால் அப்படிச் சொல்ல இயந்திரத்தையும் பழக்கிவிடலாம். எனக்கு விடை கிடைத்தது நுகர்ச்சியில். எம்1, எம்2 மோட்டார் வயர்கள் இடம் மாறியிருந்தபோது, முன்னே போகச் சொன்னால் வண்டி பின்னே போனது. வாடியது பேத்தியின் முகம். சரிசெய்ததும் குதித்தவளும் அவளே. வண்டிக்கு இரண்டும் ஒன்றுதான். செயல் இருக்கிறது, இச்சை இல்லை. விளைவு இருக்கிறது, அதை அனுபவிக்க ஆள் இல்லை.

சென்சார் முன்பக்கத்தை மட்டுமே அறியும். திரும்பும்போது வண்டி பக்கவாட்டில் இடித்து, தரையிலிருந்த காபி டம்ளரைக் கவிழ்த்துவிட்டது. "நான் இல்ல, ரோபோதான்" என்றாள் பேத்தி. துடைக்கும் துணியை அவள் கையில் கொடுத்தேன். வினை சடத்தைச் சேராது. இச்சையோடு ஏவியவரைத்தான் சேரும்.

குழந்தை சொன்னதைத்தான் கவுன்ட்டர்களில் பெரியவர்களும் சொல்கிறார்கள்: "சிஸ்டம் எடுக்கல சார்." சிஸ்டத்துக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. இன்னாரை எடு, இன்னாரைத் தள்ளு என்று கட்டளை எழுதியவர் எங்கோ இருக்கிறார். அடுத்த முறை இந்தப் பதில் வந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். எழுதியவர் யார் என்று கேளுங்கள்.