அழிந்தவன் கதையும் கேட்பவன் மனமும்

"ஹஜ்ரத், குடியால் அழிந்தவனின் கதையைப் படிப்பதும் பார்ப்பதும் கூடுமா? அது படிப்பினைதானே?" என்று போடிநாயக்கனூர் வாலிபர்கள் சிலர் கேட்கிறார்கள். சினிமா, தொலைக்காட்சி பற்றிய மார்க்கச் சட்டம் தனியாக எழுத வேண்டிய ஒன்று. இங்கே நாம் சிந்திக்க வேண்டியது வேறு. அழிவைச் சொல்லும் கதை எப்போது படிப்பினையாகிறது? எப்போது நஞ்சாகிறது?

அழிந்தவர் கதையைச் சொல்வதே தவறு என்று கூறிவிட முடியாது. திருமறையே ஆது, ஸமூது கூட்டத்தாரின் வரலாறுகளைச் சொல்கிறது. அல்கஸஸ் அத்தியாயத்தில் காரூனைப் பற்றிச் சொல்கிறது. அவன் ஆடம்பரமாக வெளியே வந்தபோது, இவனுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்காதா என்று உலக ஆசை கொண்டோர் ஏங்கினார்கள். அவனும் அவன் வீடும் பூமிக்குள் புதைந்த பின், முந்திய நாள் அவன் இடத்துக்கு ஆசைப்பட்ட அவர்களே, அல்லாஹ்வின் அருள் இல்லாவிட்டால் நாமும் புதைந்திருப்போமே என்றார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மனம் மாறியதையும் சொல்லித்தான் வரலாறு முடிகிறது. நமக்கு வேண்டிய உரைகல் இதுவே. கதை முடிந்து எழும்போது, அவன் இடத்தில் நாம் இருக்கமாட்டோமா என்று மனம் ஏங்குகிறதா, அல்லது அந்த இடத்தை விட்டுப் பாதுகாவல் தேடுகிறதா?

'தேவதாஸ்' கதையை இதில் உரசிப் பார்ப்போம். வங்க எழுத்தாளர் சரத்சந்திரரின் இந்த நாவல் 1917-இல் வெளிவந்தது. 1953-இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்துத் தெலுங்கிலும் தமிழிலும் படமாயிற்று. இந்தியில் 1955-இல் திலீப் குமாரும், 2002-இல் ஷாருக் கானும் அதே வேடம் தாங்கினர். காதலித்தவளை மணக்க முடியாதவன் குடித்துக் குடித்து, கடைசியில் அவள் வீட்டு வாசலிலேயே உயிர்விடுகிறான். இதைக் கண்ட தமிழகம் எதைக் கற்றது? தாடி வளர்த்துச் சோகமாகத் திரியும் வாலிபனுக்குத் 'தேவதாஸ்' என்று பெயர் சூட்டக் கற்றது. குடி, காதலின் ஆழத்துக்குச் சாட்சியாகிவிட்டது!

இது நம் நாட்டில் மட்டும் உள்ள நோயல்ல. ஜெர்மானியக் கவிஞர் கதே 1774-இல் எழுதிய 'வெர்தர்' நாவலில், காதலில் தோற்றவன் தன் உயிரைப் போக்கிக்கொள்கிறான். ஐரோப்பிய வாலிபர்கள் அவனைப் போலவே நீலக் கோட்டும் மஞ்சள் உட்சட்டையும் அணிந்து திரிந்தனர். லைப்சிக் நகரில் 1775-இல் அந்நூல் தடை செய்யப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1974-இல், தற்கொலைச் செய்திகள் பத்திரிகைகளில் பெரிதாக வந்த பிறகு தற்கொலைகள் கூடுவதைக் கண்ட அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஃபிலிப்ஸ், அந்த விளைவுக்கு வெர்தரின் பெயரையே வைத்தார்.

இத்தகைய கதை நஞ்சாவதற்குக் காரணம், அது ஒன்றை மறைப்பதுதான். தேவதாஸ் ஜமீன்தார் மகன். அவன் சம்பாதித்துக் காப்பாற்ற வேண்டிய மனைவி மக்கள் இல்லை. ஆகவே அவன் குடி அவனை மட்டுமே அழிப்பதாகத் தோன்றுகிறது. நம் பகுதியின் நிலை அதுவா? விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களைக் கேளுங்கள். அவர்களுள் குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டவளின் கூலி, முந்தானை முடிச்சிலிருந்து அடுப்புக்குப் போகுமுன் கடைக்குப் போய்விடுகிறது. கண்டசாலாவின் சோகப் பாட்டைப் பாடிக்கொண்டு அவன் தள்ளாடி வரும்போது தன்னைத் தேவதாஸ் என்று நினைக்கிறான். அவன் குடித்ததோ அன்றைய அரிசி. அவளும் பிள்ளைகளும் இடம்பெறாத குடிகாரன் கதை பொய்க்கதையே.

2025-இல் வெளிவந்த 'பாட்டல் ராதா' படத்தில் குடிக்கு அடிமையான தொழிலாளியின் மனைவியும் பிள்ளைகளும் படும் பாடு கதைக்குள்ளேயே வருகிறது. மீட்பு இல்லமும் வருகிறது. இந்த அளவில் அது நேர்மையான கதை.

கதை வெறும் உபதேசமாகிவிட வேண்டுமா என்று கேட்கலாம். தேவையில்லை. மதுவிலும் சூதிலும் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்றே அல்பகரா அத்தியாயம் உணர்த்துகிறது. இன்பமே இல்லை என்று அல்லாஹு தஆலா சொல்லவில்லை. இரண்டையும் நிறுத்துக் காட்டுகிறான். திரையிலோ, நாயகன் கிளாசை உயர்த்த, அடியில் பொடி எழுத்தில் எச்சரிக்கை கிடக்கிறது. பிள்ளையின் கண் எதில் நிற்கும்?

கேட்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பார்வதியாக நடித்த சாவித்திரி அம்மையார் பின்னாளில் மதுவுக்கு ஆட்பட்டு, ஓராண்டுக்கு மேல் நினைவிழந்து கிடந்து, 1981 டிசம்பர் 26-இல் மறைந்தார். அவர் வாழ்வே 2018-இல் 'நடிகையர் திலகம்' என்று படமாயிற்று. இப்படிப்பட்டவர்களின் வீழ்ச்சியைத் தேநீர்க்கடையில் உட்கார்ந்து ருசித்துப் பேசுவது படிப்பினையாகாது. ஸஹீஹ் புகாரியில் ஒரு சம்பவம் வருகிறது. அப்துல்லாஹ் என்பவர் குடித்ததற்காகப் பலமுறை தண்டனை பெற்றார். ஒருவர் அவரைச் சபித்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். தண்டனையும் நீங்கவில்லை, அவர் நம்மவர் என்ற உறவும் அறுபடவில்லை.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், மதுவால் கணவரை இழந்த பின் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. குடிநோயாளிகளின் சிகிச்சைக்கென 1980-இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிவது அதுதான். அதே குடி, அதே மரணம். ஆயினும் இந்த வரலாற்றைக் கேட்பவன் குடிக்க ஆசைப்படமாட்டான், எழுந்து எதையாவது செய்ய ஆசைப்படுவான்.

ஆகவே சகோதரர்களே, பிள்ளைகள் கதை கேட்கட்டும். கேட்டபின், "இவனால் பட்டினி கிடந்தது யார்? இவன் திரும்பியிருக்கக்கூடிய இடம் எது?" என்று அவர்களைக் கேளுங்கள். உங்கள் மஹல்லாவில் குடிக்கு அடிமையானவர் இருந்தால் ஏசாதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். தேவதாஸுக்கு மூடிக்கிடந்த வாசலைக் காட்டிக் கதை முடிகிறது. உயிர் தொண்டைக்குழியை எட்டும்வரை தௌபாவின் வாசல் திறந்தே இருக்கிறது. அவ்வாசலுக்கு ஒருவரையேனும் கைபிடித்து அழைத்துச் செல்லும் நற்பேற்றை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக, ஆமீன்.