இரைக்கென்று பிறந்த எலிகள்

பாம்பு வளர்க்கும் வீட்டுக்கு வரும் விருந்தாளி கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்தான் நிற்பார். பின்னறையில் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் தொட்டிகளை அவருக்கு யாரும் காட்டுவதில்லை. அவற்றில் இருப்பது பாம்பின் சாப்பாடு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பால் பைத்தான், கார்ன் ஸ்நேக் போன்ற பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது பரவலான பொழுதுபோக்கு. அப்படி வைத்திருப்பவர்களில் சிலர் கடையில் இரை வாங்காமல் சுண்டெலிகளைத் தாங்களே வளர்க்கிறார்கள். (இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்துக்கொள்ள விடாது என்பதால் இந்த வழக்கம் நம்மூரில் அவ்வளவாக இல்லை.) செலவு மிச்சம், இரை எப்போதும் கைவசம், என்ன தின்று வளர்ந்தது என்பது தெரியும், அவர்கள் சொல்லும் காரணங்கள் நியாயமாகவே தோன்றும். இதில் மனசாட்சியை உறுத்த வேண்டியது எது என்று கேட்டால் எல்லோரும் சாவைத்தான் காட்டுவார்கள். குட்டியிலிருந்து பார்த்த உயிரைக் கொல்ல எப்படி மனம் வருகிறது என்பார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வியாகவே படுகிறது. முதல் கேள்வி பிறப்பைப் பற்றியது. எத்தனை எலிகளைப் பிறக்க வைத்தோம், அத்தனையும் தேவைதானா, பிறந்ததைப் பார்த்துக்கொள்ள நமக்கு நேரம் இருக்கிறதா?

கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும். சுண்டெலியின் சினைக்காலம் 19 முதல் 21 நாள். ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் சாதாரணம். பத்து, பன்னிரண்டு போடுவதும் உண்டு. ஈன்ற 24 மணி நேரத்துக்குள் தாய் மறுபடி சினைபிடிக்கும் என்பதால், ஆண் எலி கூடவே இருந்தால் ஓர் ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்ததை அது சுமக்க வேண்டியதுதான். குட்டிகள் மூன்று வாரத்தில் பால் மறக்கின்றன. ஆறு வாரத்தில் அவையே இனம் பெருக்கத் தயார். ஓர் ஆண், இரண்டு பெண் என்று மிகச் சிறிதாகத் தொடங்கினாலும் மாதத்துக்குப் பதினைந்து குட்டிகள் வந்துவிடும். வளர்ந்த கார்ன் ஸ்நேக் ஒன்றுக்கு வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஓர் எலி போதும். பால் பைத்தானோ சில சமயம் மாதக்கணக்கில் இரையைத் தொடாமலே கிடக்கும். ஆக மாதம் நாலு தேவை, பதினைந்து வரவு. மீதி பதினொன்று எங்கே போகும்? அதே தொட்டியில்தான் வளரும். ஆணையும் பெண்ணையும் உரிய நாளில் பிரிக்கத் தவறினால் அடுத்த மாதக் கணக்கு நம் கையில் இல்லை. பிரித்தாலும் வளர்ந்த ஆண்கள் ஒரே தொட்டியில் கடித்துக் குதறிக்கொள்ளும், ஆளுக்கொரு தொட்டி கேட்கும். ஒற்றைப் பாம்புக்காக எலிக் கூட்டம் வைப்பவர், சிக்கனம் என்று நினைத்துத் தொடங்கி, தேவையில்லாத உயிர்களை உற்பத்தி செய்கிறவராக மாறுவது இப்படித்தான். அவர் கொடுமைக்காரர் அல்லர். பெருக்கல் வாய்ப்பாட்டை மறந்தவர், அவ்வளவே.

எண்ணிக்கை கூடும்போது முதலில் கெடுவது காற்று. தொட்டியின் கம்பிவலை மூடியைத் தூக்கியதும் மூக்கில் ஏறும் நெடி, சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைப்பதால் எழும் அம்மோனியா. நாம் நின்றபடி முகர்கிறோம். எலியின் மூக்கோ மரச்சீவலுக்கு ஒரு விரற்கடை மேலே இருக்கிறது. நமக்கு நெடி எட்டும் அளவுக்கு அது முற்றியிருந்தால், எலி அதைப் பல நாளாகச் சுவாசித்திருக்கும். சுவாசப்பாதை புண்ணாகி, எலிகளிடம் சகஜமான மைக்கோபிளாஸ்மா தொற்று வலுத்திருக்கும். சீவலிலும் தேர்வு வேண்டும். தேவதாரு வாசனை நமக்குப் பிடிக்கலாம், எலிக்கு ஆகாது. ஆஸ்பென் மரச்சீவல் பாதுகாப்பானது. அடுத்தது குளிர். நமக்குச் சுகமான 22 டிகிரி சுண்டெலிக்குக் குளிர்; அதற்கு இதமானது ஏறக்குறைய 30. இதற்கு ஹீட்டர் வாங்க வேண்டியதில்லை. மெல்லிய காகிதம் ஒரு கைப்பிடி போட்டால், பல்லால் கிழித்து நார்நாராக்கி, கவிழ்த்த கிண்ணம்போலக் கூரையுள்ள கூட்டை அதுவே கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டை மெதுவாக விலக்கிப் பார்த்தால் பிறந்த குட்டிகளின் தோல் வழியே வயிற்றின் இடப்பக்கத்தில் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். அது குடித்த பால். பட்டை தெரியாத குட்டி பட்டினியில் இருக்கிறது. தாய்க்குத் தண்ணீர்ப் புட்டியின் முனை அடைத்திருக்கலாம், தீனியில் புரதம் போதாமலிருக்கலாம். வளர்ந்த எலி ஒரு நாளைக்கு நாலைந்து கிராம்தான் தின்னும், ஆனால் பாலூட்டும் எலிக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். ஆய்வகங்களில் கொடுக்கும் கட்டித்தீனி இருக்க, மீந்த ரொட்டியையும் சூரியகாந்தி விதையையும் போட்டால், கொழுப்புள்ளதைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்கிவிடும். தாய் குட்டியைத் தின்றுவிட்டது என்று புலம்புகிறவர்கள், குட்டியைப் பார்க்குமுன் தீனிக் கிண்ணத்தையும் தண்ணீர்ப் புட்டியையும் பார்ப்பது நல்லது.

"எப்படியும் சாகப்போகிறது, அதற்கு எதற்கு இத்தனை உபசாரம்?" என்று கேட்கலாம். நல்ல இரை நல்ல பாம்பை உண்டாக்கும் என்பது எளிய பதில். அது உண்மைதான், ஆனால் என்னைத் திருப்திப்படுத்துவதில்லை; பாம்பே இல்லாவிட்டால் எலிக்கு ஒன்றும் செய்ய வேண்டாமென்று அதற்குப் பொருளாகிறது. சாகும் நாளை வைத்து வாழும் நாளின் மதிப்பைக் குறைப்பதுதான் இந்த வாதத்தின் பிழை. எட்டு வாரம் வாழப்போகும் எலிக்கு அந்த எட்டு வாரத்தின் தாகமும் குளிரும் முழுத் தாகம், முழுக் குளிர். சந்தைக்கென்றே எலி வளர்த்தவர்களில் வரலாற்றில் பெயர் நின்றவர், மாசசூசெட்ஸ் மாநிலம் கிரான்பி ஊரின் ஆபி லாத்ரோப். ஆசிரியையாக இருந்தவர், கோழிப்பண்ணை கைகொடுக்காமல், 1900 வாக்கில் அலங்காரச் சுண்டெலிகளை வளர்த்து விற்கத் தொடங்கி, பிறகு ஆய்வகங்களுக்கும் அனுப்பினார். ஆயிரக்கணக்கில் எலிகள். இருந்தும் 1908-இல் சில எலிகளின் தோலில் வழக்கமில்லாத புண்களைக் கவனித்து ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்பினார்; அவர்களில் ஒருவரான லியோ லோப் அவை புற்றுக்கட்டிகள் என்று கண்டார். இருவரும் சேர்ந்து எலிகளின் புற்றுநோய் குறித்து ஆய்வுக்கட்டுரைகள் எழுதினார்கள். இன்று உலக ஆய்வகங்களில் மிக அதிகம் பயன்படும் கறுப்பு எலி இனம், 1921-இல் லாத்ரோப்பின் பண்ணை எலிகளிலிருந்து உருவானதுதான். அவர் எலிகளைச் செல்லமாக வளர்த்தார் என்று நான் சொல்லவில்லை. விற்கப்போகும் சரக்கை ஒவ்வொன்றாகப் பார்த்தார் என்றுதான் சொல்கிறேன். பராமரிப்பு என்பதில் பெரும்பகுதி இந்தப் பார்த்தல்தான். எத்தனை எலிகளைப் பார்க்க முடியுமோ அத்தனையே ஒருவர் வளர்க்கத் தகுந்த எண்ணிக்கை.

"காட்டில் பாம்பு இரக்கம் காட்டுகிறதா?" என்பது இன்னொரு வாதம். காட்டில் எலிக்கு வளை உண்டு, இருட்டு உண்டு, ஓடித் தப்பும் வாய்ப்பு உண்டு. தொட்டிக்குள் அவற்றையெல்லாம் பறித்தவர்கள் நாம். பறித்தவரே இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது. உயிருள்ள எலியைப் பாம்போடு அடைப்பதில் இன்னொரு முரண் இருக்கிறது. பாம்புக்குப் பசியில்லாவிட்டால் எலி அதைக் கடித்துக் காயப்படுத்திவிடும். இரண்டு உயிருக்கும் அது நல்லதல்ல. முன்பே கொன்று கொடுப்பதே முறை. ஆனால் கொல்வதும் கற்க வேண்டிய வேலை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு நெறிமுறை, கரியமிலவாயுவைப் பயன்படுத்தினால் நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம் என்ற வேகத்தில் படிப்படியாக நிரப்ப வேண்டும் என்கிறது. அதற்கு அளவாக வாயு விடும் கருவி வேண்டும். பிறந்த குட்டிகள் ஆக்சிஜன் குறைவைத் தாங்குபவை. வளர்ந்த எலிக்குச் சில நிமிடம் ஆவது குட்டிக்கு அதைப்போல் பல மடங்கு நேரம் எடுக்கும். பாம்புக்குஞ்சுகளுக்கு வேண்டிய இரை இந்தக் குட்டிகள்தான் என்பதால் சிலர் அவற்றை உயிரோடு ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்கள். மயக்கம் வராமல் உறையவைப்பதை ஏற்கவே முடியாது. இதையெல்லாம் சரியாகச் செய்ய முடியாதவருக்கு எலி வளர்க்கும் யோக்கியதை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பாம்பே வளர்க்காவிட்டால் இந்தத் தொல்லை எதற்கு? இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை; பாதிப் பதில்தான். புதிதாகப் பாம்பு வாங்க நினைப்பவர் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் கடைக்குள் போக வேண்டும், பலர் திரும்பி வந்தால் நல்லதே. ஆனால் ஏற்கெனவே கூண்டில் பிறந்து வளர்ந்த பால் பைத்தான் இருபது முப்பது ஆண்டு வாழக்கூடியது. அதைக் காட்டில் விட முடியாது, கீரை கொடுத்து வளர்க்கவும் முடியாது. அதன் ஆயுள் முழுதும் யாரோ எலி வளர்த்துக் கொன்றாக வேண்டும். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களில் எத்தனை பேர் சமையலறை மூலையில் எலி ஒட்டும் பசை அட்டையை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்பதும் யோசிக்க வேண்டியது. இங்கிலாந்து 2022-இல் சட்டம் இயற்றி, 2024 ஜூலை இறுதியிலிருந்து அந்த அட்டையைப் பொதுமக்கள் வைப்பதைக் குற்றமாக்கியது. பாம்பு தின்னும் எலிக்கு ஒரு நீதி, அரிசி தின்னும் எலிக்கு ஒரு நீதி என்று நாம்தான் வைத்திருக்கிறோம்.

ஆகவே ஒன்றிரண்டு பாம்புகள் வைத்திருப்பவர் வீட்டில் எலி வளர்க்க வேண்டாம். உறையவைத்த இரையை வாங்கட்டும். பத்துக்கு மேல் வைத்திருப்பவர் வளர்க்கலாம், ஆனால் ஆணைத் தனியே வைத்து, தேவையான மாதம் மட்டும் பெண்ணோடு சேர்க்க வேண்டும். சேர்த்த சில நாளில் வேறோர் ஆணை விட்டால் பெண்ணின் சினை கலைந்துவிடும் என்று ஆய்வாளர் ஹில்டா புரூஸ் 1959-லேயே கண்டறிந்தார். ஆகவே ஆணை மாற்றி மாற்றி விட வேண்டாம். வாங்குவதாலும் பொறுப்பு தீர்ந்துவிடாது. 2012-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் எலிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கே எலிகளிடமிருந்து பரவும் எல்.சி.எம். வைரஸ் தொற்றியது, உறையவைத்த எலிகளிலிருந்து சால்மொனெல்லா மனிதருக்குப் பரவியதும் உண்டு, ஏனென்றால் உறைபனி அந்தக் கிருமியைக் கொல்வதில்லை. வீட்டுச் சாப்பாடு இருக்கும் ஃப்ரீசரில் இரையை வைக்காதீர்கள், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு தொட்டியில் எத்தனை எலிகளை வைக்கிறீர்கள், குட்டிகளை எப்படிக் கொல்கிறீர்கள்? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.