யார் உட்கார இந்த விரிப்பு?

கூடத்துக்கு விரிப்பு வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் அறையின் அளவைக் கேட்கிறார். அடுத்து சோபாவின் நிறம். விரிப்பில் யார் உட்காரப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கோயம்புத்தூரில் மகன் வாங்கிய புது வீட்டுக்காக மருமகளோடு நான் ஏறி இறங்கிய கடைகளிலும் கேட்கவில்லை. அவர்கள் சொன்ன கணக்கு சரியான கணக்குதான்: சுற்றிலும் கொஞ்சம் தரை தெரிய வேண்டும், சோபாவின் முன்கால்களாவது விரிப்பின்மேல் நிற்க வேண்டும், சின்னதாக வாங்கினால் நடுவில் தீவுபோலக் கிடக்கும். "அத்தை, இந்தக் கிரீம் கலர் கம்பளி எப்படி இருக்கு?" என்று மருமகள் கேட்டாள். தொட்டுப் பார்த்தேன், பூனைக்குட்டியின் முதுகு மாதிரி இருந்தது. "காபி கொட்டினா என்ன செய்யறது?" என்றேன். கடைப்பையன் முந்திக்கொண்டான்: "இது மேல யாரும் உட்கார மாட்டாங்கம்மா. லுக்குக்குத்தான்."

பவானிப் பக்கம் பிறந்து, முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவள் நான். யாரும் உட்காராத விரிப்பு என்பது எனக்குப் புதிய தத்துவமாக இருந்தது. தரையில் எதை விரிப்பது, அதில் யார் அமர்வது என்பதை நம் சமயங்கள் அற்ப விஷயமாக விட்டுவிடவில்லையே.

கீதையின் ஆறாம் அத்தியாயம் தியானம் செய்கிறவனுக்கு இருக்கை வகுக்கிறது. சுத்தமான இடம், ரொம்ப உயரமும் ஆகாது, ரொம்பத் தாழ்வும் ஆகாது, தர்ப்பை, அதன்மேல் மான்தோல், அதன்மேல் துணி. பௌத்தத் துறவிக்கு விநயம் என்ற ஒழுக்க நூல்கள் உட்கார ஒரு துணியை அனுமதிக்கின்றன. உடம்பையும் சீவர ஆடையையும் தங்கும் இடத்தையும் காக்க என்று காரணமும் சொல்கின்றன. உயர்ந்த, சொகுசான படுக்கையோ ஆசனமோ வேண்டாம் என்பது உபோசதம் என்ற விரத நாளில் இல்லறத்தார் ஏற்கும் எட்டு சீலங்களில் ஒன்று. கீதையின் ஆசனம், துறவியின் துணி இரண்டுமே தனியாள் இருக்கைகள். மனம் அடங்குவதற்கு உடம்புக்கு எவ்வளவு சொகுசு போதும் என்பதுதான் அங்கே கேள்வி. 'போதும்' என்பதே பதில்.

இஸ்லாத்தில் கேள்வி கொஞ்சம் நகர்கிறது. பூமி முழுவதுமே தொழும் இடம் என்கிறது நபிமொழி. ஆகவே இடம் சுத்தமாக இருந்தால் போதும், முசல்லா என்ற தொழுகை விரிப்பு கட்டாயமில்லை. நபிகள் பேரீச்ச ஓலையில் முடைந்த சிறு விரிப்பில் தொழுததாகவும் ஹதீஸ்களில் உண்டு. பள்ளிவாசலில் கூட்டாகத் தொழும்போது முதலாளியும் கூலிக்காரரும் தோளோடு தோள் ஒரே வரிசை. அங்கே விரிப்பின் கோடு ஆளைப் பிரிக்கப் போட்டதல்ல, ஆட்களை நேராக நிறுத்தப் போட்டது.

சீக்கியர்கள் இந்தச் சமத்தை இன்னும் தள்ளிக்கொண்டு போனார்கள். குருத்வாராவில் லங்கர் என்ற பொதுச் சாப்பாட்டுக்கு யார் வந்தாலும் தரையில் விரித்த நீள விரிப்பில் வரிசையாக உட்கார வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மேசை நாற்காலி போடலாமா என்று தகராறு வந்து, அடிதடி வரை போனது. 1998-ல் சீக்கியர்களின் உயர்பீடமான அமிர்தசரஸின் அகால் தக்த், தரையில்தான் உட்கார வேண்டும் என்று ஆணையிட்டது. நாற்காலிக்கா இவ்வளவு சண்டை என்று வெளியாட்களுக்குத் தோன்றலாம். சாதி பார்த்துத் தனித்தனியாகச் சாப்பிட்ட ஒரு நாட்டில், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதையே வழிபாடாக்கியவர்களுக்கு அது மரபின் உயிர்நாடி.

எங்கள் ஊர்க் கதை இவ்வளவு உயர்ந்ததல்ல. கல்யாணம், காதுகுத்து, இழவு, பஞ்சாயத்து எதற்கும் பெட்டியிலிருந்து ஜமக்காளம் வெளியே வரும். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை போட்டது. உதறி விரித்தால் பத்துப் பேர் உட்காரலாம். "வாங்க, உக்காருங்க" என்ற குரலும் கூடவே வரும். அந்தக் குரல் எல்லாருக்கும் வரவில்லை. எங்கள் காட்டில் வேலை செய்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். பாட்டி அவர்களுக்கு வயிறு நிறையச் சோறு போட்டாள், ஒரு தடுக்குகூடப் போட்டதில்லை. அன்பு இருந்த வீட்டில் இருக்கை இல்லாமல் போனது எப்படி என்பது இன்றைக்கும் எனக்கு விளங்காத கணக்கு. சோறு கொடுப்பது தர்மம் என்று எல்லாரும் சொல்லிக்கொடுத்தார்கள். உட்காரச் சொல்வதும் தர்மம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை.

நெய்கிறவர் உட்காரும் இடத்தையும் சொல்ல வேண்டும். பவானியில் குழித்தறி. நெசவாளர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் விட்டு மிதிக்கிறார். 2005-ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே 1985-ல் வந்த சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிவைத்தது. இருந்தும் விசைத்தறியில் ஓட்டிய நகல் மலிவாக விற்கிறது. கம்பளிக் கம்பளத்துக்கு வேறொரு பாவம் உண்டு. உத்தரப் பிரதேசத்து பதோஹி, மிர்சாபூர் பக்கம் சிறுவர்களின் விரல்கள் முடிச்சுப் போட்ட காலத்தில், அதற்கு எதிராக 1994-ல் 'ரக்மார்க்' முத்திரை வந்தது. குழந்தைத் தொழிலை எதிர்த்துப் போராடிய கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று செய்த வேலை அது. இன்று அதன் பெயர் 'குட்வீவ்'. ஆசனம் சுத்தமான இடத்தில் இருக்க வேண்டும் என்ற கீதையின் விதியை நான் இங்கேயும் சேர்த்துத்தான் படிப்பேன். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை முடிச்சுப் போட்ட கம்பளத்தை எந்தச் சலவைக்காரர் சுத்தம் செய்வார்?

இதையெல்லாம் சொன்னதும் மருமகள் ஒன்று கேட்டாள்: "அத்தை, உங்களால முட்டி மடக்க முடியாது. நீங்களே நாற்காலியிலதான் உட்கார்றீங்க. அப்ப சமம் எங்க போச்சு?" நியாயமான கேள்வி. என் பதில் இது: உயரம் ஒன்றாக இருப்பதால் சமம் வந்துவிடாது. முட்டி வலிக்கும் கிழவிக்கு நாற்காலி இழுத்துப் போடுவது இரக்கம். வலியே இல்லாதவன் நாற்காலியில் இருந்துகொண்டு இன்னொருவரை நிற்க வைப்பது ஆணவம். நாற்காலி இரண்டுக்கும் ஒன்றுதான், நோக்கம்தான் வேறு. வீட்டு வேலைக்கு வருகிற அம்மா மேலே நாற்காலியிலோ கீழே விரிப்பிலோ, தனக்குத் தோதான இடத்தில் கேட்காமலே உட்கார்ந்தால் அந்தக் கூடத்தில் சமம் இருக்கிறது என்று பொருள்.

ஆகவே என் தீர்ப்பு. வீட்டில் ஆட்கள் எத்தனை, வருகிறவர்கள் எத்தனை என்று எண்ணி, அத்தனை பேருக்கும் இடம் வருகிற அளவில் வாங்குங்கள். துவைக்கக் கூடியதாக, காபியைக் கொட்டினாலும் குழந்தை அடி வாங்கத் தேவையில்லாததாக இருக்கட்டும். யார் நெய்தது என்று கடையில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். விருந்தாளி உட்காரும்போது நம் மனம் கறையை நினைத்துப் பதறுமானால், அந்த விரிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.