கூலியும் ஆளும்

கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகராதியில் இடம்பெற்றிருப்பதை நாம் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். அதே அகராதியில் உள்ள 'கூலி' என்னும் சொல்லைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் அது வேலைக்குரிய ஊதியத்தைக் குறிப்பதன்று. சுமை தூக்கும் மனிதனைக் குறிப்பது, அதுவும் இழிவாக.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே இரு கருத்துகள் உண்டு. குஜராத்தின் கோலி இனத்தார் பெயரிலிருந்து வந்தது என்பர் சிலர். தமிழ்க் கூலியே மூலம் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் தமிழில் இச்சொல் தொன்மையானது. உடல் வருந்த உழைப்பவன் பெறும் பயனை வள்ளுவர் 619ஆம் குறளில் இச்சொல்லாலேயே குறிக்கின்றார். அங்கே இழிவின் நிழலும் இல்லை.

தமிழில் கூலி வேறு, கூலியாள் வேறு. முன்னது கொடுக்கப்படுவது, பின்னது பெறுகின்ற மனிதர். இச்சொல் கடல் கடந்தபோது 'ஆள்' கரையிலேயே நின்றுவிட்டான். கூலி மட்டும் கப்பலேறிற்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பனை அடைந்தது. 1911க்குள் ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குச் சென்றனர். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்கள் பலவற்றைக் கொண்டிருந்த பழைய வட ஆர்க்காட்டினர் அவர்களுள் மிகப் பலர். பெயரோடு சென்றவர்கள் அங்கே வெறும் 'கூலி' ஆயினர். வழக்கறிஞரான காந்தியடிகளையும் அந்நாட்டு வெள்ளையர் 'கூலி பாரிஸ்டர்' என்றே அழைத்தனர்.

வெள்ளையரைக் குறை கூறுவது எளிது. நாம் எவ்வாறு? திருவண்ணாமலையின் கிழக்குக் கோபுரம் 217 அடி உயரம் கொண்டது. அதைக் கட்டுவித்த மன்னர் பெயரை நாம் சொல்வோம். கல் சுமந்தவர் பெயரைச் சொல்வார் யார்? கார்த்திகைத் தீபம் முடிந்த மறுநாள், பல இலட்சம் பேர் நடந்த மலைசுற்றும் பாதையைக் கூட்டித் துப்புரவாக்குவோர் பெயரையும் நாம் கேட்பதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் துறையினரால் 20 தமிழர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். செம்மரம் வெட்டும் கூலிகள் என்று சொல்லி, நம்மில் பலர் அச்செய்தியைக் கடந்து போனோம்.

அவ்வாறாயின் சொல்லை மாற்றினால் போதுமா? 2016இல் இரயில் நிலையக் கூலிகளுக்கு 'சகாயக்' என்னும் புதுப்பெயர் அறிவிக்கப்பட்டது. நல்ல எண்ணமே, எனினும் பயணியர் தரும் பணத்தை நம்பியே அவர்கள் வாழ வேண்டியிருந்தது. அலுவலருக்குச் சம்பளம், ஆசிரியருக்கு ஊதியம், உழவருக்கும் கொத்தனாருக்கும் மட்டும் கூலி என்று நாம் பிரித்து வைத்த வேற்றுமை, பெயர்ப் பலகையை மாற்றுவதால் மறைந்துவிடாது. நேர்மையான கூலி குடும்பத்தைக் காக்கப் போதுமானதாக இருத்தல் வேண்டும் என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இலேயே உலகுக்கு நினைவூட்டினார்.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறும் திராட்சைத் தோட்ட உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கடைசியில் வந்தவருக்கும் முழு நாள் கூலி கொடுத்த தாராளத்தை வியக்கிறோம். முணுமுணுத்த வேலையாளை அத்தோட்ட உரிமையாளர் எவ்வாறு அழைத்தார் என்பதைக் கவனிக்கத் தவறுகிறோம். 'தோழரே' என்றே அழைத்தார். பேசிய கூலியும் குறையவில்லை, ஆளும் மறக்கப்படவில்லை.

நம் வீட்டுக் கூரையை வேய்பவர், நம் வயலில் நாற்று நடுபவர், நம் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுபவர் ஆகியோர் மாலையில் நம்முன் வந்து நிற்கின்றனர். அன்றன்றைக் கூலியைப் பொழுது சாயுமுன் முழுமையாகக் கொடுப்போம். கொடுக்கும்போது அவர் பெயரைச் சொல்லிக் கொடுப்போம். பெயர் தெரியாதெனில், முதலில் அதைக் கேட்போம்.